குறி பிழைத்த குண்டும் குறி தவறாத் துப்பாக்கியும்

1907ஆம் ஆண்டிலே, இமயமலைச் சாரலைச் சேர்ந்த குமாவோன் பகுதியில், சம்பாவத் என்னும் ஊருக்கு அண்மையில் ஒரு பெண்புலி சுட்டுக் கொல்லப்பட்டது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அப்புலிக்கு இரையான மக்களின் தொகை 436 எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அதனைக் கொன்றவர், பிற்காலத்தில் உலகெங்கும் புகழ் பெற்ற ஜிம் கோர்பெற் என்பவர். இறந்து கிடந்த புலியின் வாயை அவர் ஆராய்ந்தபோது, வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியளவில் உடைந்திருப்பதையும், கீழ்க்கோரைப்பல் எலும்புவரை முறிந்திருப்பதையும் கண்டார். அது பழைய குண்டுக் காயம் ஒன்றின் விளைவு. தனக்கு இயல்பான இரையைப் பற்றிக் கொல்லும் வலிமையை அக்காயத்தாலேயே அது இழந்தது. அதனாலேயே மனிதரைத் தேடி வந்தது என்பது கோர்பெற்றின் முடிபு.

எவனோ ஒரு வேட்டைக்காரன், எங்கோ ஒரு காட்டில், என்றோ ஒருநாள் விசையை இழுத்தான். குண்டு சில அங்குலம் விலகிற்று. புலி தப்பி ஓடிற்று. அந்தச் சில அங்குலத்துக்குரிய விலையை, விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் சென்ற ஏழை மக்கள் ஆண்டுக்கணக்காகச் செலுத்தினார்கள்.

புலி இறந்த நாளிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோர்பெற் தம்மிடமிருந்த மூன்று தோட்டாக்களையும் சுட்டுத் தீர்த்துவிட்டார். அவற்றுள் இரண்டு புலியின் உடலிற் பட்டன. பின்னர், உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, மிகவும் கிட்டிச் சென்று, புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குழலுக்கும் அதன் அடைப்புக்கும் இடையே வெளி விழுந்துபோன துப்பாக்கி அது. வாயை நோக்கிச் சென்ற குண்டு வலது முன்பாதத்திலே பட்டது. முன்னர்ப் பட்ட குண்டுகளாலேயே புலி உயிர் துறந்தமையால் கோர்பெற் பிழைத்தார். சுட்டவரின் கையிலும் கண்ணிலும் குறையில்லை. குறை கருவியிலேயே இருந்தது.

வேட்டைத் துப்பாக்கியின் துல்லியம் என்பது, குறிபார்த்துச் சுடுவோர் தம்முள் பேசிப் பெருமை கொள்ளும் செய்தி மட்டும் அன்று. நன்றாகப் பட்ட குண்டு விலங்கை நொடியில் வீழ்த்தும்; பிழையாகப் பட்ட குண்டு அதனைப் பல நாள் வதைக்கும், அன்றேல் பிறர்க்குப் பகையாக்கும். ஆதலால், பழைய றைபிள் ஒன்றை எவ்வாறு திருத்திக் குறி தவறாததாக்குவது என்னும் வினா நூறாண்டுக்கு மேலாக நல்ல வேட்டைக்காரர்களையும் துப்பாக்கிக் கம்மியர்களையும் சிந்திக்க வைத்தது. அவர்கள் கண்ட விடை வியப்புக்குரியது. பிழைக்குக் காரணத்தைப் பலரும் குழலிலே தேடினர். அதுவோ பெரும்பாலும் குழலைத் தாங்கும் மரத்திலே ஒளிந்திருந்தது.

சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநராயிருந்த சேர் ஜோன் ஹியூவெற் கோர்பெற்றுக்கு ஒரு றைபிளைப் பரிசாக வழங்கினார். வெள்ளித் தகடு பதித்த அந்த றைபிள் இலண்டன் மாநகரத்து றிக்பி நிறுவனத்தார் அமைத்தது. அதன் உள்ளே இயங்கிய பொறியோ ஜேர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபேண்டோர்வ் என்னும் சிற்றூரில், மவுசர் தொழிற்சாலையிலே தோன்றிய வகையைச் சேர்ந்தது.

அப்பொறி யாது? வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்பிப் பூட்டுவது போலவே, உருக்காலான ஒரு தாழை முன்னே தள்ளித் தோட்டாவைக் குழலின் அடியிலே செலுத்தி, கைப்பிடியைக் கீழே திருப்பிப் பூட்டுவதே இவ்வகைத் துப்பாக்கியின் இயல்பு. இம்முறையை முதலில் பெரும்படைக்கு ஏற்றதாக அமைத்தவர் திறைசே என்னும் ஜேர்மானியர். அவர் செய்த துப்பாக்கியைப் பிரஷ்யா 1841ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதனைச் செம்மை செய்தவர், 1838ஆம் ஆண்டில் ஓபேண்டோர்விலே பிறந்த போல் மவுசர். அவரது முதல் றைபிளை ஜேர்மன் பேரரசு 1871இல் ஏற்றது. 1884இல் பிரான்சிலே வியேய் என்பவர் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னர், சிறிய குண்டுகள் முன்னிலும் பன்மடங்கு விரைவாகச் செல்லலாயின. விரைவு மிகவே, குழலின் அடியில் எழும் அழுத்தமும் மிகுந்தது. அந்த அழுத்தத்தைத் தாங்குதற்கென மவுசர் படிப்படியாகத் திருத்தி அமைத்த பொறியே 1898ஆம் ஆண்டு மாதிரி எனப் பெயர் பெற்றது.

அப்பொறியில், தாழின் முன்முனையிலே இரண்டு பூட்டுப் பற்கள் உண்டு. அவை தோட்டாவின் பின்புறத்தை அடுத்தே பொறிக்கூட்டினுள் மாட்டிக்கொள்ளும். அவை முறியினும் சுடுபவனுக்குத் தீங்கு நேராதபடி, மூன்றாவது பல் ஒன்று பின்னே காவலாக நிற்கும். வலிமை, எளிமை, நம்பகம் என்னும் மூன்றும் ஒருங்கமைந்த அந்தப் பொறி, பின்னெழுந்த எண்ணற்ற றைபிள்களுக்குத் தாயாயிற்று. அமெரிக்காவின் 1903ஆம் ஆண்டு ஸ்பிறிங்பீல்ட் றைபிளிலே மவுசரின் உரிமைகள் கையாளப்பட்டமையால், அந்நாட்டு அரசு 200,000 டொலர் உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது.

படைக்கெனப் பிறந்த இந்த றைபிள் வேட்டைக்காரனின் கைக்கு வந்த கதை இரு பெரும் போர்களோடும் இணைந்தது. போர்கள் முடிந்தபின் இலட்சக்கணக்கான றைபிள்கள் எஞ்சின. அவை மலிவாக விற்கப்பட்டன. புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியற்ற உழவரும் தொழிலாளரும் அவற்றை வாங்கி, வேட்டைக்கு ஏற்றவாறு மாற்றத் தலைப்பட்டனர். செல்வர்களுக்கும் அவ்வாசை உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடோர் றூஸ்வெல்ற் ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையிலேயே வேட்டைக்குரிய கட்டை பொருத்திய றைபிள் ஒன்றைச் செய்வித்து, 1909இல் ஆபிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்.

படைவீரனின் தேவை வேறு. வேட்டைக்காரனின் தேவை வேறு. ஜேர்மன் படையின் 1898ஆம் ஆண்டு றைபிளிலே குறிகாட்டியின் மிகக் குறைந்த அளவு 400 மீற்றராக இருந்தது. திரண்டு வரும் பகைவரைத் தொலைவிலிருந்தே சுடுவதற்கு அது போதும். நூறு மீற்றர் தூரத்திலே நிற்கும் மானை அதே குறிகாட்டியால் நோக்கிச் சுட்டால், குண்டு குறித்த இடத்துக்கு வெகு மேலே செல்லும். குழலின் நீளமோ 74 சதமமீற்றர். அடர்ந்த காட்டிலே அது கிளைகளிற் சிக்கும். அன்றியும், கத்தி பொருத்திப் போரிடுவதற்காகக் குழலின் பெரும்பகுதி மரத்தாற் போர்த்தப்பட்டு, இரும்பு வளையங்களால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அடிபட்டாலும் உடையாதிருப்பதே அதன் நோக்கம். அங்குலக் கணக்கில் குறி பார்ப்பது அன்று.

அங்குலக் கணக்கு என்பதன் பொருளை ஒரு சிறு கணிதத்தால் விளக்கலாம். வட்டத்தை 360 பாகையாகப் பிரித்து, ஒரு பாகையை 60 கலையாகப் பிரிப்பர். ஒரு கலை அளவான பிழை 100 யார் தூரத்திலே ஏறத்தாழ ஓர் அங்குலம். 300 யாரில் ஏறத்தாழ மூன்று அங்குலம். நான்கு கலை அளவுக்குச் சிதறும் துப்பாக்கி 300 யாரிலே பன்னிரண்டு அங்குல அகலத்தில் எங்கு வேண்டுமாயினும் குண்டைச் செலுத்தும். மானின் உயிர்நிலையான நெஞ்சுப் பகுதியோ அதனினும் சிறியது. ஆகவே, நான்கு கலையை இரண்டு கலையாகக் குறைப்பது, விலங்கு உடனே வீழ்வதற்கும் குற்றுயிராய்ப் புதருள் மறைவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இவ்வாறு குண்டுகள் ஏன் சிதறுகின்றன என்பதனை ஆராய்வதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்கராகிய பிராங்ளின் மான் என்பவர். மருத்துவம் பயின்ற அவர், மசச்சூசெற்ஸ் மாநிலத்து மில்பேட் என்னும் ஊரிலே சுடுகளம் ஒன்றை அமைத்தார். மனிதனின் கைநடுக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதற்காக, அசையாத கொங்கிறீற்றுத் தூண் ஒன்றிலே குழலைப் பொருத்திச் சுட்டார். நோயாளியைச் சோதிக்கும் மருத்துவர் ஐயத்துக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவது போல, குண்டின் வடிவம், எடை, வெடிமருந்து, குழல்வாய் என ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிச் சோதித்தார். குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு இலக்கை அடையும் வரையிலான செலவைப் பற்றிய அவரது பெருநூல் 1909இல் வெளியாயிற்று. ஒரு காலத்தில் ஒன்றையே மாற்றுக, மற்றவற்றை மாற்றாது காக்க என்பதே அவரது முறை. பின்வந்த துப்பாக்கிக் கம்மியர் அனைவருக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று.

அம்முறையாற் புலனான உண்மைகளுள் தலையாயது யாதெனில், குழல் அசைவற்ற இரும்புத் தண்டு அன்று என்பதாம். கோயில் மணியை அடித்தவுடன் அது அதிர்வது போல, தோட்டா வெடித்த கணத்திலே குழலும் அதிர்கின்றது. குண்டு வாயிலை அடையும் வேளையில் குழல் எத்திசையில் வளைந்திருக்கின்றதோ அத்திசையிலேயே குண்டு புறப்படும். ஒவ்வொரு முறையும் அதிர்வு ஒரே விதமாக அமையுமாயின் தீங்கில்லை. குண்டுகள் ஓரிடத்திலேயே சென்று படும். அதிர்வு முறைக்கு முறை வேறுபடுமாயின் குண்டுகள் சிதறும். அதிரும் மணியை விரலால் தொட்டால் ஓசை மாறும் அன்றோ? அவ்வாறே குழலைத் தொடும் மரம் அதன் அதிர்வை மாற்றுகின்றது.

மரமோ நிலையற்ற பொருள். மாரி காலத்திலே கதவு பொருமி நிலையுடன் இறுகிக்கொள்வதும், கோடையிலே சுருங்கித் தளர்வதும் எல்லோரும் அறிந்தவை. துப்பாக்கிக் கட்டை வால்நட் மரத்தாற் செய்யப்பட்டாலும் அவ்வியல்பினின்றும் நீங்குவதில்லை. மழைநாளில் அது பொருமிக் குழலை ஒரு பக்கம் தள்ளும்; வெயில்நாளில் விலகும். நேற்றுச் செவ்வையாகச் சுட்ட துப்பாக்கி இன்று பிழை செய்வதற்கு இதுவே காரணம். பல தொடர் சூடுகளாற் குழல் சூடேறி விரியும்போதும் இதே தொல்லை எழும்.

இதற்குக் கம்மியர் இருவழி கண்டனர். கட்டையின் முன்முனை, குழலை ஒரே அளவான வலுவுடன் கீழிருந்து மேலே தாங்கி நிற்கும்படி செதுக்குவது ஒரு வழி. குழலைச் சுற்றியுள்ள மரத்தை அகழ்ந்தெடுத்து, குழல் மரத்தை எவ்விடத்தும் தொடாது தனித்து நிற்கும்படி விடுவது மற்றொரு வழி. பின்னதைச் சோதிக்கும் முறை மிக எளிது. ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செலுத்தி, முனையிலிருந்து அடிவரை இழுத்துச் செல்வர். தாள் எங்கே தடைப்படுகின்றதோ அங்கே மரம் தொடுகின்றது என்று அறிந்து, அவ்விடத்தைச் சுரண்டுவர். இலட்சக்கணக்கான பழைய றைபிள்களின் குறை இத்தகைய சாதாரணத் தாள் துண்டாலே கண்டறியப்பட்டது.

குழல் தனித்து நின்றாலும், பொறிக்கூடு மரத்தில் அசையாது அமர்தல் வேண்டும். சுடும்போது எழும் பின்னுதைப்பைப் பொறிக்கூட்டின் அடியிலுள்ள ஓர் உருக்கு முனையே கட்டைக்குச் செலுத்துகின்றது. அது படியும் இடத்தில் மரம் நசுங்கித் தளர்ந்தால், ஒவ்வொரு சூட்டின் பின்னும் பொறி மயிரிழையளவு இடம் மாறி அமரும். முற்காலக் கம்மியர் இரும்பிலே மையைப் பூசி, மரத்திலே அமர்த்தி, மை ஒட்டிய மேடுகளை உளியாற் செதுக்கி, மீண்டும் அமர்த்திப் பார்த்தனர். பலநாள் செய்யும் பொறுமையான வேலை அது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் எப்பொக்சி என்னும் செயற்கைப் பிசின் கைக்கு வந்தது. கண்ணாடி இழை கலந்த அப்பிசினைக் கட்டையின் குழியிலே இட்டு, ஒட்டாதபடி மெழுகு பூசிய பொறியை அதிலே அமர்த்தி இறுகவிட்டால், இரும்பின் வடிவுக்கு இசைந்த கல்லொத்த படுக்கை ஓரிரவில் உருவாகும். தலைமுறைக் கைத்திறனுக்குரிய வேலை, வீட்டு மேசையிலேயே செய்யத்தக்க வேலையாயிற்று.

குழலும் கவனத்துக்கு உரியதே. குண்டு இறுதியாகத் தொடும் இடம் குழலின் வாய்விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், குண்டின் பின்னால் வெளிப்படும் வாயு ஒருபுறமாக முந்திப் பாய்ந்து குண்டைச் சாய்க்கும். வாய்ப்புறமாகவே துடைப்புக் கோலைச் செலுத்தித் தூய்மை செய்த பழைய றைபிள்களிலே இத்தேய்வு மிகுதி. கடைசல் பொறியிலே வாயைச் சிறிதளவு வெட்டிச் சமன்செய்தால் அத்துப்பாக்கி புத்துயிர் பெறும். உட்புறத் துரு மற்றொரு நோய். பழைய தோட்டாக்களின் தீமூட்டியிலே குளோரேற்று உப்பு இருந்தது. வெடித்தபின் அது விட்டுச் சென்ற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை அரித்தது. அன்றன்றே வெந்நீராற் கழுவாதவனின் றைபிள் விரைவிலே கெட்டது. அரிப்பு முற்றிய குழலுக்குப் புதிய குழல் பூட்டுவதன்றி வேறு மருந்தில்லை.

விசையும் குறிகாட்டியும் எஞ்சின. கனத்த விசையை இழுக்கும் முயற்சியிலேயே குறி அசைந்துவிடும் ஆதலின், அதனை அளவோடு இலகுவாக்கினர். தொலைநோக்கி பொருத்த முயன்றபோது மவுசர் பொறி இடர் தந்தது. நிமிர்ந்து எழும் தாழின் கைப்பிடியும், மேலே புரளும் காவற் பிடியும் தொலைநோக்கியிலே முட்டின. கைப்பிடியைக் காய்ச்சி வளைத்தும், காவற் பிடியைப் பக்கவாட்டில் அமைத்தும் அவ்விடரைத் தீர்த்தனர்.

இவ்வளவு திருத்தங்களும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளான களம் வியட்நாம். வேட்டைக்கென 1962இல் அறிமுகமான றெமிங்ரன் 700 என்னும் றைபிளைத் தழுவிய மாதிரியை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1966இல் ஏற்றது. குளிர்நாட்டிலே செவ்வையாகச் சுட்ட அந்த றைபிளின் மரக்கட்டை, வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டிலே பொருமி முறுகிக் குழலைத் தொட்டது, குறி மாறிற்று. 1970களில் மரத்தை விலக்கிக் கண்ணாடி இழைக் கட்டையைப் பொருத்தினர். பிரித்தானியரும் 1970இல், இரண்டாம் உலகப் போர்க்காலத்து லீ என்பீல்ட் றைபிள்களை எடுத்து, மரத்தைத் தொடாத கனத்த புதிய குழலைப் பூட்டி மீண்டும் சேவைக்கு அனுப்பினர். அவை 1982இல் போக்லண்ட் போரிலும் பயன்பட்டன. போர்க்களத்திலே கற்ற பாடம் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் திரும்பி வந்தது.

இக்கலையின் மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. துல்லியம் சுடப்படுவது யார் எனக் கேட்பதில்லை. 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் உயிரைக் குடித்தது, தொலைநோக்கி பொருத்தி அஞ்சல்வழி மலிவாக விற்கப்பட்ட பழைய இத்தாலியப் படை றைபிளே. 1968இல் இயற்றப்பட்ட சட்டம் அமெரிக்காவிலே அஞ்சல்வழித் துப்பாக்கி வாணிகத்துக்கும், பிறநாட்டுப் பழைய படைத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் தடை விதித்தது. வரலாற்றுப் பொருள்களாகப் போற்றத்தக்க றைபிள்கள் பல அறுத்தும் துளைத்தும் உருமாற்றப்பட்டமைக்காகப் பிற்காலச் சேகரிப்பாளர் வருந்தியதும் உண்டு.

கோர்பெற் தம் பிற்காலத்திலே, சுடுவதினும் படம் பிடிப்பதிலேயே நாட்டம் மிகக் கொண்டார். 1936இல் அமைக்கப்பட்ட இந்தியாவின் முதலாவது தேசியப் பூங்கா, அவர் மறைந்த பின்னர் 1957இல் அவர் பெயரைப் பெற்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலே காட்டு விலங்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வழியைத் திறந்தது. அவர் பரிசாகப் பெற்ற மவுசர் வகை றைபிள் பல கை மாறி, அதனை அமைத்த இலண்டன் நிறுவனத்தாரிடமே இறுதியிற் சென்று சேர்ந்தது.

மரத்தைச் செதுக்கியும், விளிம்பைச் சமன்செய்தும், விசையைத் திருத்தியும் துப்பாக்கியின் பிழையை ஒவ்வொன்றாக நீக்க மனிதன் கற்றுக்கொண்டான். அத்திருத்தங்கள் அனைத்துக்கும் பின் எஞ்சும் பிழை ஒன்றே, அது சுடுபவனுடையது. தெளிவாகக் காணாத இடத்தும், எட்டாத தூரத்தும் விசையை இழுக்காத கட்டுப்பாட்டை எந்தக் கம்மியனும் பொருத்தித் தர இயலாது. சம்பாவத் புலியின் பல்லை உடைத்தவன் யார் என்பது எவர்க்கும் தெரியாது. தன் ஒரு குண்டு என்ன செய்தது என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.